பழுதும் குரலும்

பழைய கிடார் ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு எப்போதும் பசி போலிருக்கிறது. ஒரு ஆம்ப்பின் ஒலி 'க்ரீமி'யாக இருக்கும், அடுத்தது 'ஜூஸி', இன்னொன்று 'க்ரன்ச்சி'. வெண்ணெய், சாக்லேட், தேன் என்று வரிசையாக வரும். அப்படியே தமிழில் எடுத்துப் போட்டால் தீபாவளி நேரத்து ஸ்வீட் ஸ்டால் விலைப்பட்டியல் மாதிரி இருக்கும். நான் இவற்றை விரும்பித்தான் படிக்கிறேன். ஆனால் தொடர்ந்து பத்துப் பதினைந்து படித்த பிறகு ஒரு சந்தேகம் வரும்: இதில் எந்த வாக்கியமாவது தப்பாக இருக்க வாய்ப்பு உண்டா? 1963-ல் செய்த ஃபெண்டர் ஒன்று வெதுவெதுப்பாக ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதுகிறார். சரி. இல்லை என்று நிரூபிக்க என்ன வழி? வழியே இல்லை. தப்பாகப் போக முடியாத வாக்கியத்தை எழுதுவது ரொம்பச் சுலபம். நம் ஊர் புத்தக மதிப்புரைகளில் 'நெகிழ்ச்சியான', 'அடர்த்தியான', 'செறிவான' எல்லாம் எப்படி வந்து உட்காருகின்றனவோ அப்படித்தான் இதுவும்.

இதே ஆம்ப்ளிஃபயர்களைப் பற்றி இன்னொரு வகை எழுத்து இருக்கிறது. அதற்கு இலக்கிய மதிப்பு இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை: பழுது பார்ப்பவர்கள் எழுதியவை. ஜாக் டார் என்பவர் எழுதி, 1965-ல் ஹவர்ட் டபிள்யூ. சாம்ஸ் பதிப்பகம் வெளியிட்ட எலெக்ட்ரிக் கிடார் ஆம்ப்ளிஃபயர் கையேடு இதில் முக்கியமானது. டார் ரேடியோ, டிவி சர்வீஸ் உலகத்து ஆள். 'ரேடியோ-எலெக்ட்ரானிக்ஸ்' பத்திரிகையில் வாசகர்களின் பழுதுகளுக்குப் பதில் எழுதியவர். முதலில் இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது, பிறகு எப்படிச் சரிசெய்வது, கடைசியில் பல கம்பெனிகளின் சர்க்யூட் படங்கள். புத்தகம் அவ்வளவுதான்.

அதை இன்று படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, அதில் ஏக்கம் என்பது துளிகூட இல்லை என்பதுதான். இருக்கவும் முடியாது. இன்று லட்சக்கணக்கில் விலை போகும் ஆம்ப்கள் எல்லாம் டாருக்குப் போன வருஷத்துச் சரக்கு. சனிக்கிழமை ராத்திரி கச்சேரி, வெள்ளிக்கிழமை மதியம் பெட்டி செத்துப்போய்க் கடைக்கு வந்து நிற்கிறது. அவருடைய கவலை எல்லாம் அதைப் பற்றித்தான். வால்வு அவருக்கு ஒரு உதிரிபாகம். 'வின்டேஜ்' என்ற சொல் இன்னும் இந்தப் பெட்டிகளின் மேல் வந்து உட்காராத காலத்தின் கண்ணால் அவற்றைப் பார்க்க முடிகிறதே, அதற்காகவே அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம்.

வால்வு என்றேன். அமெரிக்கர்கள் டியூப் என்பார்கள்; பிரிட்டிஷ்காரர்கள் வால்வு. நாம் வால்வு ரேடியோ என்று சொல்லிப் பழகியவர்கள், தவிர டியூப்லைட் என்றால் நம்மிடம் வேறு அர்த்தம், ஆகவே வால்வு என்றே வைத்துக்கொள்கிறேன். கிடார் ஆம்ப்பின் முன்பகுதியில், அதாவது பிரீஆம்ப்பில், உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஒரே வகை வால்வு. அமெரிக்கப் பெயர் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயர் ஈசிசி83. கட்டைவிரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குப்பி, அடியில் ஒன்பது முள். 1940-களின் பிற்பகுதியில் ஆர்சிஏ கொண்டுவந்தது. நம் பெங்களூரு பெல் நிறுவனமும் இதைச் செய்திருக்கிறது, சேகரிப்பாளர்களிடம் இன்றும் அது கைமாறுகிறது.

உள்ளே நடப்பது இதுதான். நடுவில் ஒரு இழை சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள கேத்தோடு என்ற உலோகக் குழலிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி வெளிச்சுற்றில் இருக்கும் பிளேட்டை நோக்கி ஓடுகின்றன. பிளேட்டில் நூற்றைம்பது, இருநூறு வோல்ட் இருக்கும், இழுக்காமல் என்ன செய்யும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று, பெயர் கிரிட். கிடாரிலிருந்து வரும் சின்ன மின்னழுத்தம் இந்தக் கம்பிச் சுருளில் ஏறி இறங்கும்போது எலெக்ட்ரான் ஓட்டமும் அதே மாதிரி ஏறி இறங்குகிறது. உள்ளே போனது பிளேட்டில் பெரிதாக வெளியே வருகிறது. ஏட்டுக் கணக்கில் நூறு மடங்கு. ஃபெண்டர் மாதிரி சர்க்யூட்டில் ஐம்பது, அறுபது மடங்கு கிடைக்கும். ஒரே குப்பிக்குள் இப்படி இரண்டு ஜோடி. பொறியியல் படித்த நான்கு வருடத்தில் இதற்கு எங்களுக்கு ஒதுக்கப்பட்டது அரை மணி நேரம், டிரான்சிஸ்டருக்கு முன்னால் சொல்லும் கடவுள் வாழ்த்து போல.

ஐம்பது மடங்கு என்பதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது எதைப் பெருக்குவது என்று பார்த்துப் பெருக்குவதில்லை. முதல் வால்வில் ஏற்படும் சின்ன நடுக்கமும் அடுத்தடுத்த கட்டங்களில் பெருகிப் பெருகி ஸ்பீக்கருக்கு வந்துவிடும். கிரிட் கம்பியைப் பிடித்திருக்கும் மைக்கா தகடு கொஞ்சம் லூசாகிவிட்டால், வெளியிலிருந்து வரும் அதிர்வில் கம்பி ஆடும். கம்பி ஆடினால் ஓட்டம் மாறும். வால்வு ஒரு மைக் ஆகிவிடும். கோம்போ வகை ஆம்ப்களில் ஸ்பீக்கரும் வால்வும் ஒரே பெட்டியில் குடியிருப்பவை. ஸ்பீக்கர் அதிர்ந்து வால்வை ஆட்ட, வால்வு அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்கே அனுப்ப, கடைசியில் ஊளைதான். இதைக் கண்டுபிடிக்கப் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் கருவி பென்சில். ஆம்ப்பை ஓடவிட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் லேசாகத் தட்ட வேண்டும். முதல் வால்வைத் தட்டினால் 'டொக்' என்று கேட்பது இயல்பு, அதற்கு யாரும் பயப்பட வேண்டாம். 'டிங்ங்ங்' என்று மணி மாதிரி இழுத்தால் வால்வு சரியில்லை.

இதற்கென்று தனி டெஸ்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தன, எக்கச்சக்கமாக. ஐம்பது, அறுபதுகளின் அமெரிக்காவில் மருந்துக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் கூட வால்வு டெஸ்டர் நின்றது. வீட்டு டிவி வால்வுகளைப் பையில் போட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகச் செருகி, முள் பச்சையில் நிற்கிறதா சிவப்பில் நிற்கிறதா என்று பார்த்து, சிவப்பு என்றால் கீழே அலமாரியிலேயே புதிது வாங்கிப் போகலாம். டெஸ்டரை வைத்தவரே வால்வும் விற்கும்போது அந்த முள்ளின் நடுநிலைமை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மலிவான டெஸ்டர்கள் கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான் போதுமான அளவு கிளம்புகிறதா என்று மட்டுமே பார்த்தன. ஹிக்காக் போன்ற நல்ல டெஸ்டர்கள் ஒரு படி மேலே போய், கிரிட்டில் சின்ன மாற்றம் செய்தால் பிளேட்டில் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தன. அதன் அலகு 'மோ'. தடையை அளக்கும் 'ஓம்' என்ற பெயரைத் திருப்பிப் போட்டது! பொறியாளர்களின் நகைச்சுவை அந்த அளவுக்குத்தான். புத்தகப்படி புது 12ஏஎக்ஸ்7-க்கு, பிளேட்டில் 250 வோல்ட் இருக்கும்போது, 1600 மைக்ரோமோ.

ஆனால் ஹிக்காக் 1600 காட்டிய வால்வு ஆம்ப்பில் போட்டதும் ஊளையிடலாம். டெஸ்டருக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் அதிரவில்லை. வால்வின் பின்னால் இன்னும் நான்கு கட்டம் பெருக்கக் காத்திருக்கவில்லை. அதே ஊளையிடும் வால்வைக் கழற்றி, வரிசையின் கடைசியில், பவர் வால்வுகளுக்கு முன்னால் இருக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் இடத்தில் போட்டுப் பாருங்கள் (அந்த இடத்துக்கும் அதே வகை வால்வுதான் என்றால்). பெரும்பாலும் சத்தமே இல்லாமல் ஒழுங்காக வேலை செய்யும். அதற்குப் பின்னால் பெருக்கம் அதிகமில்லை என்பதால் அதன் குறை வெளியே தெரிவதில்லை. அப்படியானால் அது நல்ல வால்வா, கெட்ட வால்வா? என்னுடைய ஆர்வம் முழுக்க இந்த இடத்தில்தான். 'நல்ல' என்பது கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் பண்பு கிடையாது. எந்த இடத்தில், எதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ருசிச் சொற்களின் எழுத்தால் இந்த இடத்துக்கு வந்து சேரவே முடியாது, ஏனென்றால் அது வால்வைத் தனியே எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறது.

பழுது தேடும் முறையும் எளிமையானதுதான். உறுமலோ கரகரப்போ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளீட்டுப் பக்கமிருந்து பிரீஆம்ப் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். முதல் வால்வை எடுத்தும் சத்தம் தொடர்ந்தால் குற்றவாளி அதற்குப் பின்னால் இருக்கிறான். அடுத்ததை எடுக்கிறோம். எதை எடுத்ததும் சத்தம் நிற்கிறதோ அந்தக் கட்டத்தில்தான் விஷயம். என் வேலையில் கோடு எந்தத் திருத்தத்தில் உடைந்தது என்று தேட நாங்கள் செய்வதும் ஏறக்குறைய இதேதான், எங்களுக்குக் கை சுடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. அந்த இடத்தில் சரியாக இருப்பதாக ஏற்கெனவே தெரிந்த ஒரு வால்வைப் போட்டுப் பார்க்க வேண்டும். சத்தம் போய்விட்டால் வால்வுதான் காரணம். போகவில்லை என்றால் வால்வு நிரபராதி. சாக்கெட்டின் உலோக இடுக்கு தளர்ந்திருக்கலாம். பிளேட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் நூறாயிரம் ஓம் ரெசிஸ்டர் பழசாகி, உள்ளே இருக்கும் கார்பன் தூளில் ஓட்டம் தடுமாறிப் பொரிகிறதாக இருக்கலாம். இந்த ரெசிஸ்டரால் வரும் சத்தத்துக்காக எத்தனை நல்ல வால்வுகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிரீஆம்ப் வால்வு சாதாரணமாகப் பல ஆயிரம் மணி நேரம் ஓடக்கூடியது. ஆனால் கழற்றி மாட்டச் சுலபமாக இருப்பதால் பழி எப்போதும் அதன் மேல்தான் விழுகிறது.

'பொரிகிறது' என்று எழுதும்போது ஒன்று கவனித்தேன். பழுது பார்ப்பவரின் மொழிக்குத் தமிழ் அபாரமாகப் பொருந்துகிறது. அவருக்கு வேண்டியவை ஒலிக்குறிப்புச் சொற்கள், நம்மிடம் அவை இரட்டைக்கிளவியாகக் கொட்டிக்கிடக்கின்றன. 'கரகர' என்றால் வால்யூம் குமிழைத் திருப்பும்போது வருவது. குமிழுக்குள் அழுக்கு, அல்லது அதற்கு முந்திய கெப்பாசிட்டர் கசிகிறது. 'சடசட', 'பொரபொர' என்றால் ரெசிஸ்டரையோ தளர்ந்த சாக்கெட்டையோ பார்க்கலாம். 'உஸ்' என்ற இரைச்சல் எல்லா ஆம்ப்பிலும் ஓரளவு இருக்கும், வெப்பத்தில் எலெக்ட்ரான்கள் இடிபடும் சத்தம் அது. 'பட்பட்' என்று மோட்டார் படகு மாதிரி அடித்தால், கட்டங்களைப் பிரித்து வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. உறுமலிலும் இரண்டு வகை. அமெரிக்க மின்சாரம் வினாடிக்கு 60 சுழற்சி. 60-ல் உறுமினால் ஹீட்டர் வயர் வழியாகவோ எர்த் வழியாகவோ நேராக நுழைகிறது. 120-ல் உறுமினால், மாறுமின்னோட்டத்தை நேராக்கிய பிறகு மிச்சமிருக்கும் அலை அது. ஃபில்டர் கெப்பாசிட்டர்தான் காரணம். இரண்டுக்கும் இடைவெளி சரியாக ஒரு ஸ்தாயி. மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்று காது சொல்லிவிட்டால், எந்தப் பாகத்தைப் பார்ப்பது என்று கைக்குத் தெரிந்துவிடும். 'சடசட' என்று ஒருவர் சொன்னால் அவர் தப்பாகச் சொல்லியிருக்க வாய்ப்பு உண்டு, பெட்டியைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அதனாலேயே அந்தச் சொல்லின் மேல் எனக்கு மரியாதை.

இனி 'ஒரிஜினல் டோன்' என்ற பூதத்துக்கு வருவோம். பழைய ஃபெண்டர்களின் சர்க்யூட் படங்களை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு முனையிலும் இவ்வளவு வோல்ட் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கும். பல படங்களின் ஓரத்தில் ஒரு குறிப்பும் இருக்கும்: குறிப்பிட்ட அளவுகள் 20 சதவிகிதம் கூடலாம், குறையலாம். 400 வோல்ட் என்று எழுதியிருந்தால் 320-ம் சரி, 480-ம் சரி! உள்ளே இருக்கும் ரெசிஸ்டர்களும் பத்து, இருபது சதவிகித ஏற்றத்தாழ்வு கொண்டவை. ஒரே நாள், ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் செய்த இரண்டு ஆம்ப் ஒரே மாதிரி ஒலித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. போதாததற்கு, இவை 110-லிருந்து 117 வோல்ட் வரையிலான வீட்டு மின்சாரத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்று அமெரிக்கச் சுவரில் 120, சில இடங்களில் அதற்கும் மேலே. யாருமே கைவைக்காத, திறக்கவே திறக்காத 1960 ஆம்ப் என்று ஒன்று கிடைத்தால்கூட, இன்று அதைச் செருகினால் உள்ளே எல்லா வோல்ட்டும் ஏறித்தான் இருக்கும். ஒரிஜினல் என்று சொல்லப்படும் ஒலி அதன் முதல் நாளிலேயே ஒன்றாக இருந்ததில்லை.

இதற்கு நேர் எதிரான வாதமும் உண்டு, அதை நான் லேசில் தள்ளிவிட மாட்டேன். ராக் இசையின் குரலே பழுதிலிருந்து வந்தது என்பார்கள். உண்மைதான். 1951-ல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88' பாடலில் கிடார் கரகரப்பதற்குக் காரணம் வழியில் அடிபட்ட ஆம்ப். மழையில் நனைந்தது என்றும் காரின் மேலிருந்து விழுந்தது என்றும் சொல்கிறவருக்கு ஏற்பக் கதை மாறும். மார்ட்டி ராபின்ஸின் 'டோன்ட் வொர்ரி' பதிவின்போது நாஷ்வில் ஸ்டூடியோவின் மிக்ஸரில் ஒரு சானல் கெட்டுப்போனது. கிரேடி மார்ட்டினின் பேஸ் அதில் வண்டு மாதிரி ரீங்கரித்தது. பதிவை அப்படியே வெளியிட்டார்கள். அந்தப் பழுதையே சர்க்யூட்டாகச் செய்ய முயன்றதில் பிறந்தது 1962-ன் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். 1964-ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தே விட்டார். அப்போது டெக்னீஷியன் கையில் பென்சிலோடு நின்றிருந்தால் இதையெல்லாம் சரிசெய்து தொலைத்திருப்பார், நமக்கு ராக் கிடைத்திருக்காது என்கிறார்கள்.

ஆனால் இந்தக் கதைகளை நிதானமாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாஷ்வில்லில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கெட்டது என்று புரிந்துகொண்டதால்தான் கிளென் ஸ்னாடி என்ற அந்தப் பதிவுப் பொறியாளரால் அதைத் திரும்பச் செய்யும் ஒரு சாதனத்தை நோக்கிப் போக முடிந்தது. 'அடடா, என்ன ஒரு மாயம்' என்று உருகிக்கொண்டு நின்றிருந்தால், அந்தச் சானல் ஒரு நாள் முழுசாகச் செத்தபோது ஒலியும் அதோடு போயிருக்கும். பழுதைக் குரலாக ஏற்றுக்கொள்வதற்கு முதலில் அது பழுது என்று தெரிய வேண்டும். இன்று 'மோஜோ' என்று புகழப்படும் பல பழைய ஆம்ப்களில் இந்தத் தெரிதல் இல்லை. கட்டங்களுக்கு இடையே இருக்கும் கெப்பாசிட்டரின் வேலை சிக்னலை மட்டும் விட்டு, பிளேட்டின் உயர் வோல்ட்டைத் தடுத்து நிறுத்துவது. அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் இருக்கக்கூடாத ஒன்றிரண்டு வோல்ட் வந்து உட்காரும். ஒலி சற்று அமுங்கும், தடிக்கும். அது பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக ரசிக்கலாம். ஆனால் அதை 'அறுபது வருட முதிர்ச்சி' என்று எழுதும்போது மீட்டரை வைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரியவேண்டிய விஷயத்தை மறைக்கிறோம். கசிவு கூடிக்கொண்டேதான் போகும். முதிர்ச்சி வேறு ஏதோ.

நகல் என்பதும் இதே போல் சுவாரசியமான விஷயம். லண்டனின் மேற்கே ஹான்வெல்லில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரானோடும் டட்லி கிரேவன் என்ற இளைஞனோடும் சேர்ந்து 1962-ல் செய்த ஜேடிஎம்45, ஏறக்குறைய ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ-வின் சர்க்யூட்தான். ஆனால் கையில் கிடைத்த பாகங்கள் வேறு. ஃபெண்டர் முதல் இடத்தில் வைத்திருந்தது 12ஏஒய்7, பெருக்கக் காரணி 44. மார்ஷல் வைத்தது ஈசிசி83, காரணி 100. டிரான்ஸ்ஃபார்மர் பிரிட்டிஷ். பத்து அங்குல ஜென்சன் நான்குக்குப் பதில் மூடிய பெட்டியில் பன்னிரண்டு அங்குல செலஸ்டியன் நான்கு. படம் அதே படம். கேட்டால் வேறு பெட்டி. பிற்பாடு உலகம் மார்ஷல் ஒலி என்று எதைச் சொன்னதோ அதன் விதை இந்த வேற்றுமைகளில் இருக்கிறது. எந்த வால்வு, எந்த இடத்தில் என்று ஒருவர் எழுதிவைத்தால் இந்த வரலாறு நமக்குப் புரிகிறது. ஃபெண்டர் தேன், மார்ஷல் மிளகாய் என்று எழுதினால் ஊறுகாய் விளம்பரம்.

இப்போது கொஞ்சம் கடினமான கேள்வி. அறுபது வயது ஆம்ப் ஒன்று கையில் கிடைத்தால் அதை என்ன செய்வது? சேகரிப்பாளர்கள் 'ஆல் ஒரிஜினல்' என்பார்கள். ஒரு சால்டர் முனைகூடக் கலையாமல் இருந்தால் விலை ஏறும். நான் இந்த விஷயத்தில் முழுக்க அவர்களுக்கு எதிர்க்கட்சி, காரணம் ரசனை இல்லை. ஃபில்டர் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் ஈரமான வேதிப்பொருள் காய்ந்துவிடும்; பத்துப் பதினைந்து, நல்லதாக இருந்தால் இருபது வருடம். அதற்கு மேல் அது எப்போது ஷார்ட் ஆகும், ஆகும்போது எந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கூட்டிக்கொண்டு போகும் என்று சொல்ல முடியாது. அதைவிட மோசமானது பழைய அமெரிக்க ஆம்ப்களின் இரண்டு முள் பிளக். எர்த் கிடையாது. பதிலாக மின்கம்பி ஒன்றிலிருந்து உலோகச் சட்டத்துக்கு ஒரு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள், உறுமலைக் குறைக்க. அது ஷார்ட் ஆனால் சட்டத்தில் வீட்டு மின்சாரம். சட்டத்திலிருந்து கிடார் வயர் வழியே கம்பிகளுக்கு. வாசிக்கிறவரின் விரல் அங்கேதான் இருக்கிறது, உதடு எர்த் ஆன மைக்கில். பழுது பார்ப்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே சாவுக் கெப்பாசிட்டர். எர்த் கோளாறு என்பது மேடையில் வெறும் வார்த்தை கிடையாது. 1972-ல் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி, கையில் கிடாரோடு, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட நொடியில் மேடையிலேயே இறந்தார்.

ஆகவே, மூன்று முள் வயர் போட்டு, அந்தக் கெப்பாசிட்டரை வெட்டியெறிந்து, ஃபில்டர்களை மாற்றி வாசிக்கும் ஆம்ப், அலமாரியில் ஊமையாக இருக்கும் 'ஒரிஜினலை' விட உண்மையானது என்பது என் கட்சி. (படிக்கும் யாருக்காவது கை துறுதுறுத்தால்: பின்னால் நின்று, ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு, பிரீஆம்ப் வால்வை மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலை. சட்டத்தைத் திறப்பது அப்படி இல்லை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நானூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே காத்திருக்கும்.) ஆனால் சேகரிப்பாளர்கள் சொல்வதில் ஒரு பாதி எனக்கும் உடன்பாடு. இந்தப் பெட்டிகளுக்குள் வாசிக்க வேண்டிய எழுத்து நிறைய இருக்கிறது. ஃபெண்டரின் வால்வு அட்டவணைத் தாளில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும்: முதல் எழுத்து வருடம், 1951-ல் ஏ-யில் ஆரம்பித்து; இரண்டாவது மாதம். டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கரிலும் எண்கள், யார் செய்தது, எந்த வருடம் எந்த வாரம் என்று. எல்லாவற்றையும்விட, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் செய்த பல ஆம்ப்களின் சட்டத்துக்குள் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். அதில் பேனாவால் ஒரு பெண்ணின் முதல் பெயர். அந்தப் பெட்டியைச் சால்டர் வைத்துக் கோத்தவர். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். ஃபெண்டர் டோன் என்று லட்சம் பக்கம் எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த டேப்பைத் தாண்டிப் போயிருப்பார்கள்?

பெயர் என்றதும் வால்வுகளின் பெயரையும் பேசிவிடலாம். இன்று 'மல்லார்ட்', 'டங்-சால்' என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் புது வால்வுகள் ரஷ்யாவின் சரட்டோவில் ஒரே தொழிற்சாலையில் செய்யப்படுபவை. அதே தொழிற்சாலை சோவ்டெக், எலெக்ட்ரோ-ஹார்மனிக்ஸ் பெயர்களிலும் செய்கிறது. பழைய மல்லார்ட் இங்கிலாந்தின் பிளாக்பர்னிலிருந்து வந்தது. புது மல்லார்டுக்கும் அந்த ஊருக்கும் உள்ள உறவு வணிகப் பெயர் மட்டும்தான். வால்வுகள் மோசம் என்று சொல்லவில்லை, அவற்றில் நல்லவை நிறைய. ஆனால் 'மல்லார்டின் வெதுவெதுப்பு' என்று எழுதுகிறவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும். 2022 மார்ச்சில் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி நிற்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் கிடார் உலகம் கலங்கிப்போனது. ரஷ்யாவை விட்டால் ஸ்லோவாக்கியாவும் சீனாவும்தான் என்பது பலருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சில வாரங்களில் டோன் பற்றிய பேச்சு வால்வு எங்கே செய்கிறார்கள், யார் செய்கிறார்கள் என்ற பக்கம் திரும்பியது.

நல்ல டெக்னீஷியன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கழற்றிய பழைய கெப்பாசிட்டர்கள், கருகிய ரெசிஸ்டர்கள், அந்தச் சாவுக் கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் ஒரு ஜிப் பையில் போட்டு, ஆம்ப்போடு சேர்த்தே திருப்பிக் கொடுப்பார்கள். விற்கும்போது ஆம்ப்போடு பையும் போகும். நாளைக்கு வாங்குகிறவர் எதில் எது இருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர் தூக்கிப் போடலாம். புதிதாக வைத்த கெப்பாசிட்டரின் முதுகில் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதுகிறவர்களும் உண்டு, அடுத்து திறப்பவருக்குக் கணக்குத் தெரிய. மாஸ்கிங் டேப்பின் பக்கம் சால்டர் முனையைக் கொண்டுபோக மாட்டார்கள். பசை காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்தால் விரலால் அழுத்திவிட்டு மூடுவார்கள்.